சாவியைக் கொடுப்பதற்கு முன் எழுதி வாங்கினேன்

ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலையில் என் கணவருக்கு வேலை போனதும், எங்கள் சத்துவாச்சாரி வீட்டின் மாதத் தவணை நின்றது. நிலுவை 90 நாளைத் தாண்டியதும் கணக்கு வாராக்கடனானது. அடுத்து, அடமானச் சொத்தை வங்கி நீதிமன்றம் போகாமலே எடுத்து ஏலம் விட வழிசெய்யும் சர்ஃபேசி சட்டம் 2002, 13(2) பிரிவின்படி நோட்டீஸ் வந்தது: 60 நாளில் முழுக் கடனையும் கட்ட வேண்டும்.

ஏலம் வரை காத்திருக்க எனக்கு மனமில்லை. ஏலத்தில் நல்ல விலை கிடைப்பது அரிது. நாளிதழில் பெயரோடு அறிவிப்பும் வரும். வீட்டை நாங்களே ஒப்படைக்கிறோம் என்று வங்கிக்கு எழுதினேன்.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். சாவியைக் கொடுத்துவிட்டால் மட்டும் கடன் தீராது. விற்ற தொகை போதாவிட்டால் மீதியை நம்மிடமே கேட்பார்கள். மேலாளர் வாய்மொழியாகத் தைரியம் சொன்னார். எனக்கு அது போதவில்லை. விற்பனைத் தொகையோடு கடன் முழுவதும் தீர்ந்துவிடும் என்ற ஒருமுறைத் தீர்வுக் கடிதம் கைக்கு வரும்வரை வீட்டைக் காலி செய்ய மறுத்தேன். பிறகு வங்கியின் ஒப்புதலோடு காட்பாடிக்காரர் ஒருவர் வாங்கினார். பணம் நேராகக் கடன் கணக்குக்குப் போனது.

நிலுவையில்லாச் சான்றும் வாங்கினேன். சார்பதிவாளர் அலுவலகத்தில் அடமானத்தை நீக்கும் ரசீதைப் பதிவு செய்யவைத்து, வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தேன். கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் மதிப்பெண் இறங்கியது உண்மை. ஆனால் வங்கிக்கு இனி ஒரு ரூபாய்கூடத் தர வேண்டியதில்லை.