செலவைக் குறைக்கிறோம் என்று சத்தைக் குறைத்துவிடும் தவறுகள்

மாதக் கடைசியில் கை இறுகினால் அரிசி குறைவதில்லை, சாம்பார்தான் தண்ணீராகிறது. சிக்கனச் சமையலில் இதைவிடப் பெரிய தவறு இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) பரிந்துரைப்படி, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் வீதம், 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்குச் சுமார் 50 கிராம் புரதம் வேண்டும். நான்கு பேருக்கான சாம்பாரில் 100 கிராம் துவரம் பருப்பு போட்டால் தலைக்கு ஐந்தரை கிராம்தான் சேரும். நாள் முழுக்க 250 கிராம் அரிசி சாப்பிட்டால் அதிலிருந்து 18 முதல் 20 கிராம் சேரும். இரண்டும் சேர்ந்தும் தேவையில் பாதிதான். மீதியை 50 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல் (10 கிராம்), ஒரு முட்டை (6), ஒரு கைப்பிடி நிலக்கடலை (6), சின்னக் கிண்ணம் தயிர் (3) சேர்ந்து நிரப்பிவிடும். முட்டை சாப்பிடாதவர்கள் சுண்டலைக் கூட்டிக்கொள்ளலாம். ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம் பருப்பை விட்டுவிடாதீர்கள். சீக்கிரம் வேகாது என்பதுதான் குறையென்றால் அரை மணி நேரம் ஊறவைத்து வேகவையுங்கள்.

பருப்பில் மிச்சம் பிடித்த காசு பல வீடுகளில் சத்து பானப் பொடிக்குப் போகிறது. வாங்கும் முன் டப்பாவின் பின்பக்கம் படியுங்கள். அதிக அளவில் உள்ள பொருள்தான் பட்டியலில் முதலில் வரும். சர்க்கரை இரண்டாவதோ மூன்றாவதோ இடத்தில் இருந்தால், சர்க்கரைக்குத்தான் அந்த விலை கொடுக்கிறீர்கள். அதற்குப் பதில் கேழ்வரகை வாங்குங்கள், 100 கிராமில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிட்டதும் நிழலில் உலர்த்தி, லேசாக வறுத்து அரைத்தால் நல்ல சத்துமாவு தயார்.

சிறுதானியம் வாங்குவதிலும் ஒன்றைக் கவனியுங்கள். சாமை, வரகு, தினை, குதிரைவாலிக்கு மேல் உமி உண்டு. அதை நீக்கும்போது, கெடாமல் இருக்கவும் வெள்ளையாகத் தெரியவும் தவிட்டையும் சேர்த்துத் தீட்டிவிடுகிறார்கள். பளிச்சென்று வெளுத்திருந்தால், அதிக விலை கொடுத்து நார்ச்சத்து போன தானியத்தை வாங்குகிறோம் என்று அர்த்தம். கேழ்வரகையும் கம்பையும் முழுசாகவே அரைத்துச் சாப்பிடலாம், விலையும் குறைவு. கம்பு மாவில் கொழுப்பு அதிகம் என்பதால் சீக்கிரம் காறிக் கசக்கும். ஒரு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் அரையுங்கள்.

செறிவூட்டிய அரிசியைக் களையும்போது மிதக்கும் மணிகளைப் ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று பொறுக்கி எறிபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அரிசி மாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து மணியாக அழுத்திய அதை, கிலோவுக்கு 10 கிராம் அளவில் கலக்கிறார்கள். சத்துக்காகச் சேர்த்ததே அதுதான். இந்த அரிசியை இரண்டு முறைக்கு மேல் களைய வேண்டாம். வடித்த கஞ்சியையும் கொட்டாதீர்கள், கரையும் பி வைட்டமின்கள் அதில்தான் இறங்கியிருக்கும். தலசீமியா, அரிவாள் செல் சோகை ஆகிய பரம்பரை ரத்த நோய்கள் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளவும்.

முருங்கைக்கீரையைக் கழுவிய பிறகு நறுக்குங்கள், வெந்த தண்ணீரைப் பிழிந்து ஊற்ற வேண்டாம். இறக்கிய பின் எலுமிச்சை பிழிந்தால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்தப் பலன் குறைந்துவிடும், ஒரு மணி நேரமாவது போகட்டும்.

எண்ணெய்ச் செலவையும் அளந்துவிடலாம். ஒருவருக்கு நாளுக்கு 27 கிராம் என்றால் நான்கு பேருக்கு மாதம் மூன்றரை லிட்டர். அதற்கு மேல் ஆனால் காசும் வீண், உடம்புக்கும் நல்லதல்ல.

கடைசியாக நிலக்கடலை. சுருங்கியவை, கறுத்தவை, பூஞ்சை பிடித்தவை கலந்த மலிவுச் சரக்கை வாங்காதீர்கள். அவற்றில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு இருக்கக்கூடும், அது கல்லீரலைக் கெடுக்கும். வீட்டில் வறுப்பதால் அது முழுதாகப் போகாது. வாயில் போட்டுக் கசந்தால் விழுங்காமல் துப்பிவிடுங்கள். பொறுக்கி ஒதுக்கிய கடலையை மாட்டுக்கும் போட வேண்டாம், பாலில் வந்துவிடும்.