டேஷ்போர்டு காட்டும் கிலோமீட்டரை நம்பி ஹைவே ஏறாதீர்கள்

எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் எலெக்ட்ரிக் கார்கள் பெருகிவிட்டன. சார்ஜ் போட மறப்பது போன்ற தவறுகள் ஒருமுறை பட்டால் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிட்டு, மற்ற தவறுகளைச் சொல்கிறேன்.

ஊருக்குள் கிடைத்த ரேஞ்சை (ஒரு சார்ஜில் ஓடும் தூரத்தை) வெளியூர்ப் பயணத்திலும் எதிர்பார்ப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். பெட்ரோல் கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு, ஹைவேயில் மைலேஜ் கூடும் என்பது மனதில் ஊறிப்போன கணக்கு. எலெக்ட்ரிக் காரில் அது தலைகீழ். கிண்டி சிக்னலில் நிற்கும்போது மோட்டார் கரண்ட் இழுக்காது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் கொஞ்சம் பேட்டரிக்கே திரும்பும். ஹைவேயில் இந்த இரண்டு லாபமும் அநேகமாக இல்லை. வேகம் 80-லிருந்து 110 ஆனால் காற்றின் எதிர்ப்பும் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும்.

பக்கத்து வீட்டுத் தம்பி ஒரு மே மாதம் அப்பா அம்மாவோடு வேளச்சேரியிலிருந்து திருவண்ணாமலைக்குக் கிளம்பினார். ஃபுல் சார்ஜ், திரையில் 270 கிலோமீட்டர். அந்த 270, அதுவரை ஊருக்குள் மெதுவாக ஓட்டியதை வைத்துக் கார் போட்ட கணக்கு. ஹைவேயில் போகப்போவது அதற்கு எப்படித் தெரியும்? ஜிஎஸ்டி ரோட்டில் 110-ல் பிடித்தார். திண்டிவனம் போவதற்குள் மீதி 85 என்று காட்டியது. போக வேண்டியது இன்னும் 70-க்குப் பக்கம். அங்கே கிடைத்த சார்ஜரில் காரில் செருகும் கன் ஒன்றே ஒன்று, அதிலும் ஏற்கெனவே ஒரு கார். அந்த வெயிலில் ஏசியை அணைத்துவிட்டு, பெரியவர்கள் துண்டால் விசிறிக்கொள்ள, வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு செஞ்சி வழியாக உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். ஷோரூமில் யாராவது இரண்டு நிமிடம் ஒதுக்கி விளக்கியிருந்தால் இது நடந்திருக்காது.

விளம்பரத்தில் வரும் எம்ஐடிசி எண்ணும், அதாவது இந்தியச் சோதனை முறையில் கிடைத்த ரேஞ்சும், அப்படித்தான். அந்தச் சோதனையின் உச்ச வேகமே 90. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

யூனிட்டில் (கிலோவாட்-ஹவர், கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட்) கணக்குப் போடுங்கள். பேட்டரி 40 யூனிட், வேகமாகப் போனால் யூனிட்டுக்கு 5 கிலோமீட்டர் என்றால் மொத்தம் 200. அதில் 20 சதவீதம் கையிருப்பு. ஆக, நம்பிப் போகக்கூடியது 160. வேகத்தை 85-க்குள் வைத்தாலே கணிசமாகக் கூடும்.

நெரிசலில் ஏசியை அணைப்பது

ஏசி செலவு நேரத்தைப் பொறுத்தது, தூரத்தைப் பொறுத்ததல்ல. பெருங்களத்தூரில் ஒரு மணி நேரம் மாட்டினாலும் சாதாரணமாக ஒன்றிரண்டு யூனிட்தான் போகும். வியர்வையில் உட்கார வேண்டாம்.

டயர் காற்று

மாதம் ஒருமுறை பாருங்கள்.

தினமும் 100 சதவீதம் சார்ஜ் போடுவது

எலெக்ட்ரிக் கார் பேட்டரியில் எல்எஃப்பி, என்எம்சி என்று வகைகள் உண்டு. எல்எஃப்பி பேட்டரிக்கு ஒரு விதி, என்எம்சிக்கு வேறு விதி. நண்பரிடம் கேட்காதீர்கள், உங்கள் காரின் கையேட்டில் பாருங்கள்.

ஹைவே சார்ஜரில் 100 வரை காத்திருப்பது

80-க்கு மேல் சார்ஜ் ஏறும் வேகம் நன்றாகக் குறைந்துவிடும். அடுத்த சார்ஜர் எட்டும் தூரத்தில் இருந்தால் கன்னைக் கழற்றிவிட்டு நகருங்கள். பின்னால் ஒரு குடும்பம் வெயிலில் நிற்கிறது.