ஒரு கைலி நாலு வருஷம் உழைக்க

மலிவுக் கைலி மூன்று வாங்கும் காசில் நல்லது ஒன்று வாங்குங்கள். 12,000 சாட் (பர்மா நாணயம்) கைலி எட்டு மாதத்தில் கிழிந்தால் மாதத்துக்கு 1,500. 36,000 சாட் கைலி நாலு வருஷம் வந்தால் மாதத்துக்கு 750தான். ஆனால் விலை கூடினால் மட்டும் துணி நல்லதாகிவிடாது. கடையில் நின்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

முதலில் துணியின் ஒரு மூலையை இரண்டு கைக்கும் நடுவே வைத்து நன்றாகக் கசக்குங்கள். வெள்ளையாகத் தூள் உதிர்ந்தால் கஞ்சியைக் கொட்டி மொடமொடப்பாக்கிய துணி. இரண்டு தோய்ப்பில் கொசுவலை மாதிரி ஆகிவிடும். அடுத்து, மறுபக்கம் திருப்புங்கள். நெய்த கட்டம் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தத்தில் இருக்கும். அச்சடித்தது உள்பக்கம் வெளிறியிருக்கும். நெசவுக்குப் பேர்போன ஊரான அமரபுராவின் கைத்தறி என்று சொல்லி விற்பதையும் இப்படித் திருப்பிப் பார்க்கத் தயங்க வேண்டாம்.

ஓரத்திலிருந்து இரண்டு நூல் உருவித் தரச் சொல்லி, வெளியே வந்து கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். பட்டு, மயிர் கருகும் நாற்றம் அடிக்கும். பாலியெஸ்டர் உருகிக் கறுத்த மணியாக இறுகும். கலப்பு நூலில் சாம்பலும் இருக்கும், நசுங்காத கட்டியும் இருக்கும். ரங்கூன் புழுக்கத்தில் இது முக்கியம்: பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீத ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட இழுக்காது. வேர்வை உடம்போடுதான் ஒட்டும்.

வாங்கிய கையோடு மூட்டக் கொடுக்காதீர்கள். பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். 2 கெஜத் துணியை ராத்திரி முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, பிறகு மூட்டுங்கள். புதுப் பருத்தி 3 முதல் 5 சதவீதம் சுருங்கும். தையல் நூல் அந்த அளவுக்குச் சுருங்காது. முன்னாலேயே மூட்டினால் தையல் ஓரம் கொசுவிக்கொண்டு இழுக்கும், சீக்கிரம் பிரியும். தமெய்னுக்கு, அதாவது பெண்கள் உடுத்தும் கைலிக்கு, வைக்கும் கறுப்பு இடுப்புப் பட்டியைத் தனியாக அலசி, சாயம் போவது நின்ற பிறகே தைக்கச் சொல்லுங்கள். உப்புத் தண்ணீரில் நனைத்தால் சாயம் பிடித்துக்கொள்ளும் என்பதை நம்பிப் பட்டுத்துணியைக் கெடுக்காதீர்கள்.

மே கடைசியிலிருந்து அக்டோபர் வரை மழைநாளில் கஞ்சி போடவே வேண்டாம். ஈரத்தோடு கஞ்சியும் சேர்ந்தால் பூஞ்சைக்கு விருந்து. அந்தக் கரும்புள்ளி லேசில் போகாது. முழுக்க உலராததை மடித்து அலமாரியில் வைக்காதீர்கள்.

கைலி முதலில் நைவது உட்காரும் இடத்தில். அதனால் உடுத்தும்போது மூட்டு ஒரு நாள் பக்கவாட்டில், ஒரு நாள் பின்னால் வரும்படி சுற்றிக் கட்டுங்கள். ஆண்கள் கைலியை மேல் கீழாகவும் மாற்றிக் கட்டலாம். அப்படியும் நைந்தால், கிழியும் முன்பே மூட்டைப் பிரித்து, நைந்த பட்டையை ஆறு அங்குல அகலத்துக்கு வெட்டி எடுத்துவிட்டு, மறுபடி மூட்டுங்கள். ஒல்லியானவர்களுக்குச் சுற்றளவு தாராளமாகப் போதும்.

கடைசியில் தூளிக்கு எடுக்கும் முன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இழை விலகி வெளிச்சம் தெரிந்தால் பிள்ளையின் எடையை அது தாங்காது. அதைக் கரித்துணியாக வெட்டிக்கொள்ளலாம், பருத்தியாக இருந்தால் மட்டும். பாலியெஸ்டர் கலந்தது சூட்டுப் பாத்திரத்தில் உருகிக் கையில் ஒட்டும்.