வடசென்னையில் ஒரு மாரத்தான் பயிற்சி வாரம்

42.195 கிலோமீட்டர் ஓடப் பயிற்சி எடுப்பவர், ஞாயிற்றுக்கிழமை நெடுந்தூர ஓட்டத்தை முதலில் முடிவு செய்துகொண்டு, மற்ற நாட்களை அதற்கேற்ப அமைத்துக்கொள்ள வேண்டும். காசிமேட்டில் மீன் ஏலம் நடந்துகொண்டிருக்கும் அதிகாலை நாலரை மணிக்கே புறப்பட்டுவிடுவது நல்லது. ஏனெனில் வெயில் ஏறும் முன்பே, வியர்வையை உலரவிடாத கடலோரப் புழுக்கம் ஆளைத் தளர்த்திவிடும். பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஓடக்கூடிய வேகம் போதும். 18 கிலோமீட்டரில் தொடங்கி, வாரம் இரண்டு கிலோமீட்டர் கூட்டி, நான்காவது வாரம் தூரத்தைக் குறைத்து, போட்டிக்கு மூன்று வாரம் முன்பாக 30 கிலோமீட்டரைத் தொட்டுவிடலாம். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வருவதால், எதிரே வரும் வண்டிகள் கண்ணில் படும்படி வலப்பக்க ஓரமாகவே ஓடுங்கள். கால் பிடித்துக்கொண்டால் விம்கோ நகரில் மெட்ரோ ஏறிவிடலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

திங்கள் முழு ஓய்வு. செவ்வாயும் வியாழனும் எட்டு கிலோமீட்டர் மெதுவோட்டம். புதனன்று, ஆயிரம் மீட்டர் வேக ஓட்டம் ஐந்து முறை, இடையிடையே மூன்று நிமிட நடையுடன். நம் பகுதியில் மேடென்று சொல்ல ஏதுமில்லாததால், வெள்ளியன்று ஏதேனும் ஒரு மேம்பாலத்தின் ஏற்றத்தில் ஆறு முறை ஏறி இறங்குவதே மலைப்பயிற்சி. சனியன்று ஐந்து கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம்.

வியர்வையில் ஊறிய ஷூவை வெயிலில் வைக்காமல், உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்துங்கள்.