கிளினிக்கல் பார்மகாலஜி மேற்படிப்பு: முதலில் கணக்கு, பிறகு மனப்பாடம்

எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கு நீட் பி.ஜி. நுழைவுத்தேர்வு வழியாக மூன்றாண்டு எம்.டி. பார்மகாலஜி (மருந்தியல்); மேலே போக விரும்பினால் இன்னொரு மூன்றாண்டு டி.எம். கிளினிக்கல் பார்மகாலஜி, அதாவது மருந்துகள் மனிதரிடம் எப்படி வேலை செய்கின்றன என்று ஆராயும் படிப்பு. பி.பார்ம். படித்தவர்களுக்கு ஜிபேட் நுழைவுத்தேர்வு எழுதி இரண்டாண்டு எம்.பார்ம். எந்த வாசலில் நுழைந்தாலும் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான்: கணக்கு. மருந்துகளின் பக்கவிளைவுகளை மூச்சுவிடாமல் ஒப்பிப்பவர்கூட, "இதை முதன்முதலாக மனிதருக்கு எவ்வளவு கொடுப்பீர்கள்?" என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்டால் திணறுவார்.

முதல் மாதமே ஒரு கட்டு செமிலாக் தாள் (ஓர் அச்சில் மட்டும் லாக் அளவுகோல் உள்ள கிராஃப் தாள்) வாங்குங்கள். நரம்பு ஊசியாக 300 மி.கி. போட்ட ஒரு மருந்து, ரத்தத்தில் 2 மணி நேரத்தில் லிட்டருக்கு 7.1 மி.கி., 4 மணியில் 5, 8 மணியில் 2.5 என்று இறங்குவதாக வைத்துக்கொள்வோம். புள்ளிகளைக் குறித்து, கோட்டைப் பின்னால் நீட்டினால் பூஜ்ய நேரத்தில் 10 வரும். 300-ஐ 10-ஆல் வகுத்தால் பரவல் கொள்ளளவு (மருந்து உடலில் பரவியதாகக் கணக்கில் வரும் கொள்ளளவு) 30 லிட்டர். ரத்த அளவு பாதியாகக் குறையும் நேரமான அரை ஆயுள் 4 மணி. 0.693-ஐ 4-ஆல் வகுத்து 30-ஆல் பெருக்கினால் கிளியரன்ஸ், அதாவது உடல் மருந்தை வெளியேற்றும் வேகம், மணிக்கு 5.2 லிட்டர். சாதாரண கிராஃப் தாளில் போட்டால் கோடு வளைந்துவிடும், நீட்ட முடியாது. மாத்திரையாகக் கொடுத்த மருந்தென்றால், உறிஞ்சப்படும்போது ஏறுகிற புள்ளிகளையும் சேர்த்துக் கோடு போடுவது வழக்கமான தவறு. இறங்குமுகத்தின் கடைசிப் புள்ளிகள் மட்டும்தான் கணக்கு. வலிப்பு மருந்தான ஃபெனிடாயினுக்கு இந்தச் சூத்திரம் எதுவும் செல்லாது. அதை உடைக்கும் என்சைம் நிரம்பிவிடுவதால், டோஸைக் கொஞ்சம் கூட்டினாலே ரத்த அளவு தாறுமாறாக ஏறும்.

அடுத்தது முதல் மனித டோஸ். எலியில் கிலோவுக்கு 50 மி.கி. வரையும், நாயில் 15 மி.கி. வரையும் தீங்கு இல்லை என்று வைப்போம். விலங்கின் டோஸை உடல் பரப்பளவின்படி மனித டோஸாக மாற்றும் எண்களால் (எலிக்கு 6.2, நாய்க்கு 1.8) வகுத்தால் மனிதருக்கு இணையான அளவு 8.06, 8.33. குறைந்ததை எடுத்து, பாதுகாப்புக்காக 10-ஆல் வகுத்தால் கிலோவுக்கு 0.8 மி.கி.; 60 கிலோ ஆளுக்குச் சுமார் 48 மி.கி. மாற்றாமலே "நாயின் 15தானே சின்ன எண்" என்று எடுத்தால் 90 மி.கி.க்குப் போய் நிற்பீர்கள்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. 2006 மார்ச்சில் லண்டனில் டி.ஜி.என்.1412 என்ற ஆன்டிபாடியைக் குரங்குக்குப் பாதுகாப்பாக இருந்த அளவில் 500-இல் ஒரு பங்குதான் கொடுத்தார்கள். மருந்து ஏறிய 6 பேரும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள். மருந்து குறிவைத்த சிடி28 என்ற புரதம், மனிதரிடம் இருக்கும் ஒருவகை நினைவு டி செல்களில் (நோயெதிர்ப்பு செல்களில்) உண்டு. குரங்கின் அதே செல்களில் இல்லை. நோயெதிர்ப்பைத் தூண்டும் மருந்துகளுக்கு இன்று விளைவு தெரியத் தொடங்கும் மிகக் குறைந்த அளவிலிருந்து கணக்கிடுவதும், முதலில் ஒருவருக்குக் கொடுத்துக் காத்திருப்பதும் இதன்பிறகு அழுத்தம் பெற்றவை. தேர்வில் ஆண்டை மட்டும் எழுதினால் போதாது, காரணத்தை எழுதுங்கள்.

தீசிஸ் மருத்துவப் பரிசோதனையாக இருந்தால், எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல் கையில் வந்ததும் இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் பதிவு செய்யுங்கள். முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு முடிந்திருக்க வேண்டும். 2018 ஏப்ரல் முதல் பின்தேதிப் பதிவுகளை ஏற்பதில்லை. ஆள் சேர்த்துவிட்டு வந்தால் திரும்ப வழி கிடையாது. 2019 புதிய மருந்து விதிகளின்படி, கடுமையான பாதகம் நேர்ந்தால் ஆய்வாளர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். மருந்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று உறுதியானபின் சொல்லலாம் என்று காத்திருக்கக் கூடாது.

சாம்பிள் எண்ணிக்கையில் ஒரு சின்னப் பொறி. 100 பேர் வேண்டும், 10 சதவீதம் பேர் பாதியில் நின்றுவிடுவார்கள் என்றால் 110 பேரைச் சேர்ப்பார்கள். 110-இல் 11 பேர் போனால் மிச்சம் 99. 100-ஐ 0.9-ஆல் வகுத்து, 112 பேர் என்று புரோட்டோகாலில் எழுதுங்கள்.