மேடைக்குப் பின்னால் போக வேண்டுமா? பகல் இரண்டு மணிக்கே வந்துவிடுங்கள்

பிடித்த பாண்ட் நம்ம ஊருக்கு வருகிறது என்று போஸ்டர் ஒட்டினதும் எல்லோருக்கும் வருகிற கேள்வி ஒன்றுதான்: எப்படியாவது கிட்டப் போய் நாலு வார்த்தை பேச முடியுமா? முடியும். திருகோணமலையில் இருந்துகொண்டே, பெரிய ஆட்களின் பழக்கம் எதுவும் இல்லாமல், நான் ஐந்தாறு தடவை மேடைக்குப் பின்னால் போய் வந்திருக்கிறேன். ஆனால் இரவு எட்டு மணிக்கு, சனம் நிரம்பிய பிறகு, தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு செக்யூரிட்டியிடம் கெஞ்சி உள்ளே போன ஒருவரையும் இதுவரை கண்டதில்லை. அந்த வாசல் பகலில்தான் திறக்கும், அதுவும் வேலை நடக்கும்போதுதான் திறக்கும்.

எனக்கு இது புரிய ஒரு கெட்ட அனுபவம் தேவைப்பட்டது. பதினேழு வயதில், ஊரில் நடந்த ஒரு திறந்தவெளி நிகழ்ச்சியில், பின்பக்கத் தகர வேலியால் ஏறி உள்ளே குதித்தேன். இருட்டில் எதுவும் தெரியவில்லை, என் கால் ஒரு வயரில் சிக்கி அது கழன்றுவிட்டது. அது கீபோர்டுக்குப் போகிற வயர். முதல் பாட்டு முழுக்கக் கீபோர்ட் இல்லாமலே போனது, அதை வாசித்த அண்ணா சும்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என்னைப் பிடித்து வெளியே விட்டது எனக்கு வலிக்கவில்லை, அவர் நின்ற அந்த நிலைதான் இன்றைக்கும் மனதை உறுத்துகிறது. மேடைக்குப் பின்னால் இருப்பது ஒரு வேலைத்தளம், கரண்ட் ஓடுகிற, பாரம் தொங்குகிற, நேரத்துக்கு ஓடுகிற வேலைத்தளம். வேலி பாய்வதை மனதிலேயே வைக்காதீர்கள். 2024 பெப்ரவரியில் யாழ்ப்பாணம் முற்றவெளியில் சனம் தடுப்புகளைத் தாண்டி முன்னுக்கு வந்தபோது நிகழ்ச்சியையே இடையில் நிறுத்த வேண்டி வந்தது எல்லோருக்கும் தெரியும்.

சரி, உள்ளே விடுவது யார்? பாண்டில் பாடுகிறவரும் கிற்றார் வாசிக்கிறவரும் இல்லை. அவர்களுடன் ஒரு மனேஜர் வருவார், விருந்தினர் பட்டியல் அவர் கையில்தான் இருக்கும், அநேகமாக நிகழ்ச்சி நாள் பின்னேரமே அதை முடித்து வாசலுக்குக் கொடுத்துவிடுவார். அவருக்கு அடுத்து மேடையைப் பார்க்கிற பொறுப்பாளர், பிறகு உள்ளூர் ஏற்பாட்டாளர்கள். செக்யூரிட்டி அண்ணாமார் அந்தப் பட்டியலைப் பார்த்து விடுகிறவர்கள், அவ்வளவுதான். அவர்களிடம் சண்டை பிடித்துப் பிரயோசனமே இல்லை. அவர்களுக்கு ஒரு போத்தல் தண்ணீர் கொடுத்து, பெயரைக் கேட்டு, மனிசராக நடத்தினால் போதும்.

கொழும்பில் நடக்கும் பெரிய வெளிநாட்டு நிகழ்ச்சி என்றால் கதை வேறு. அங்கே பாண்டைச் சந்திக்கிற வாய்ப்பை விலை கூடிய டிக்கெட்டோடு சேர்த்தே விற்பார்கள், சில நேரம் போன் கம்பனிகளும் வானொலிகளும் போட்டி வைத்துக் கொடுப்பார்கள். அப்படியான டிக்கெட்டை வாங்க முன் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வரி வரியாக வாசியுங்கள். பல இடங்களில் ஒரு குழுப் படம் மட்டும்தான், கையெழுத்து இல்லை, அந்தச் சந்திப்பும் வாசல் திறப்பதற்கு முன்னமே முடிந்துவிடும். இங்கிருந்து கொழும்பு ஏறக்குறைய 260 கிலோமீற்றர், காலை பஸ்ஸில் ஏறினால் ஹபரணையிலோ குருநாகலிலோ தாமதமாகி எல்லாம் போய்விடும். முதல் நாள் இரவு ரயிலில் ஏறி விடியக் கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் இறங்குவதுதான் நிம்மதி.

நான் அதிகம் சொல்ல வேண்டியது நம்ம ஊரில் நடக்கிற நிகழ்ச்சிகளைப் பற்றித்தான். ஏனென்றால் இங்கே நமக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதில்லை. கொழும்பிலிருந்தோ கண்டியிலிருந்தோ வருகிற பாண்டுக்கு இந்த ஊர் தெரியாது. இரவெல்லாம் வான் வண்டியில் இடிபட்டு வந்து இறங்கி, வெயிலில் நின்று, எங்கே என்ன வாங்கலாம் என்று தெரியாமல் முழிப்பார்கள். ஊர் தெரிந்த, பதறாத ஒரு ஆள் அந்த நேரத்தில் அவர்களுக்குத் தங்கம்.

ஆகவே போஸ்டர் ஒட்டின அன்றைக்கே ஏற்பாட்டாளர் யார் என்று கண்டுபிடியுங்கள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்கரை நிகழ்ச்சி என்றால் ஹொட்டல்காரருக்குத் தெரியும், மைதானம் என்றால் பதாகையிலேயே நம்பர் இருக்கும். போய் "உள்ளே விடுவீங்களா" என்று கேட்காதீர்கள். "சாமான் இறக்க, கதிரை அடுக்க ஆள் வேணுமா அண்ணா, நான் வாறன்" என்று கேளுங்கள். அநேகமாக ஆள் வேண்டும். இன்னொரு வழி, முன்னுக்கு வாசிக்கிற உள்ளூர் பாண்ட். பெரிய பாண்டுக்கு முன் அரை மணி நேரம் வாசிக்க நம்ம பெடியன்களைப் போடுவார்கள், அவர்களுக்கும் நாலைந்து பாஸ் கிடைக்கும், அதில் டிரம்ஸ் தூக்குகிறவருக்கு ஒன்று நிச்சயம். அந்தப் பெடியன்களின் பயிற்சிக்குப் போய் உட்கார்ந்து கேளுங்கள். நிகழ்ச்சிக்கு முதல் வாரம் மட்டும் போகாதீர்கள், வருஷம் முழுக்கப் போங்கள், அவர்களுக்கும் ரசிகர் வேண்டும்தானே.

இப்போது அந்த நாள். லொறி காலையிலேயே வந்துவிடும், ஸ்பீக்கர் அடுக்கி லைட் கட்ட மத்தியானம் ஆகிவிடும். அதற்குப் பிறகு சவுண்ட் செக், அதாவது வாத்தியங்களும் மைக்கும் சரியாகக் கேட்கிறதா என்று வாசித்துப் பார்ப்பது. பொதுவாகப் பெரிய பாண்ட்தான் முதலில் சரிபார்ப்பார்கள், முன்னுக்கு வாசிக்கிறவர்கள் கடைசியில், அப்போதுதான் மேடையில் முதலில் ஏறப் போகிறவர்களின் சாமான் அப்படியே வைத்தபடி இருக்கும். இந்த ஒழுங்கு தெரிந்தால் நீங்கள் எப்போது அங்கே இருக்க வேண்டும் என்பது தானாகத் தெரியும்: பகல் இரண்டு, இரண்டரை. சவுண்ட் செக் முடிந்து அவர்கள் மேடையை விட்டு இறங்கி வருகிற அந்தப் பத்து நிமிஷம் இருக்கிறதே, இரவு முழுக்கத் தேடினாலும் அப்படி ஒரு நேரம் கிடைக்காது. பதற்றம் இன்னும் தொடங்கவில்லை, சத்தம் சரியாக வந்துவிட்டது என்ற நிம்மதி, சனம் இல்லை, கையில் ஒரு பிளேன்டீ.

சவுண்ட் செக் நடக்கும்போது மட்டும் வாயை மூடிக்கொண்டு ஓரத்தில் நில்லுங்கள். கைதட்ட வேண்டாம், போனில் பிடித்துப் போட வேண்டாம். யாரும் கேட்காமல் ஒரு வயரைத் தொடவும் வேண்டாம். வான் ஹாலன் என்ற அமெரிக்க பாண்ட் 1982 சுற்றுப்பயண ஒப்பந்தத்தில், மேடைக்குப் பின்னால் வைக்கிற எம் அண்ட் எம் மிட்டாயில் மண்ணிற மிட்டாய் ஒன்றுகூட இருக்கக்கூடாது என்று எழுதி வைத்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பலர் அதைத் திமிர் என்று நினைத்தார்கள். பாரம், கரண்ட் பற்றிய பக்கம் பக்கமான நிபந்தனைகளை அந்தந்த ஊர் ஏற்பாட்டாளர்கள் உண்மையில் வாசித்தார்களா என்று பார்க்கத்தான் அதை வைத்தோம் என்று அவர்களின் பாடகர் டேவிட் லீ ரொத் பின்னர் விளக்கினார். மேடையில் நிற்கிறவர்களுக்குச் சின்னக் கவனக்குறைவும் எவ்வளவு பயம் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

உதவி என்றால் என்ன உதவி? நான் கண்டதைச் சொல்கிறேன். மூன்று மணிக்கு யாராவது ஓடி வந்து 9 வோல்ட் பற்றரி கேட்பார்கள், கிற்றார் பெடலுக்கு. டபிள் ஏ பற்றரி கேட்பார்கள், வயர் இல்லாத மைக்குக்கு. கறுப்புத் துணி டேப், துவாய், சாதாரண சூட்டில் தண்ணீர் (பாடுகிறவர்கள் பலர் ஐஸ் தண்ணீர் குடிக்க மாட்டார்கள்), இஞ்சி போட்ட தேநீர். மத்திய வீதியில் எந்தக் கடையில் எது கிடைக்கும், வெள்ளிக்கிழமை மத்தியானம் எது பூட்டியிருக்கும், வடகரை வீதியில் எது பிந்தித் திறந்திருக்கும் என்று தெரிந்து, ஒரு சைக்கிளும் இருந்தால் நீங்கள்தான் அன்றைக்கு அவர்களின் ஆள். ஒரு கடற்கரை நிகழ்ச்சியில் கச்சான் காற்று கிளம்பி, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸர் மெஷின் மேல் மண்ணை அள்ளிக் கொட்டியது. ஆடி மாசத்தில் இங்கே அந்தக் காற்று எப்படி அடிக்கும் என்று வெளியூர் சவுண்ட்காரருக்கு எப்படித் தெரியும்? ஒரு மீன்பிடிக்காரரிடம் கேட்டு படங்கு வாங்கி வந்து, காற்று வருகிற பக்கம் இழுத்துக் கட்டினோம். அன்றைக்குப் பின்னேரம் பேஸ் கிற்றார் வாசிக்கிற அண்ணா டிரம்ஸ் பெட்டியில் உட்கார்ந்து, பக்கத்தில் இடம் காட்டி, இருங்க தம்பி என்றார். நான் யாரிடமும் பாஸ் கேட்கவே இல்லை.

வேலை செய்கிறவர்களில் பலர் சிங்களம் பேசுகிறவர்களாக இருப்பார்கள். மொழி தெரியாதே என்று ஒதுங்கி நிற்காதீர்கள், "உதவ் ஓனெத ஐயா" (உதவி வேணுமா அண்ணா) என்று கேட்டால் போதும். சிங்களத்தில் ஐயா என்றால் அண்ணன்.

பாஸ் கிடைத்தால் அதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கழுத்தில் தொங்குகிற பிளாஸ்டிக் அட்டை அவர்களுடைய சொந்த ஆட்களுக்கு, முழுப் பயணத்துக்கும் ஒன்று. நமக்குத் தருவது அநேகமாக அன்றைய திகதி எழுதிய துணி ஸ்டிக்கர் அல்லது கைப்பட்டி. எல்லாப் பாஸும் எல்லா இடத்துக்கும் இல்லை, சிலது நிகழ்ச்சி முடிந்த பிறகு மட்டும், சிலது மேடை ஓரம் வரை மட்டும். எங்கே நிற்கலாம் என்று தந்தவரிடமே கேளுங்கள். ஸ்டிக்கரைக் காற்சட்டைத் தொடையில் ஒட்டுங்கள், வேர்வை பட்ட சேட்டில் ஒட்டினால் ஒரு மணித்தியாலத்தில் உரிந்துவிடும். படம் எடுத்து இணையத்தில் போடாதீர்கள், அதைப் பார்த்துப் போலி அடித்துக்கொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். பாஸ் விற்பதாக வட்ஸ்அப்பில் வருகிற ஒருவருக்கும் காசு போடாதீர்கள்.

பெண் பிள்ளைகளுக்கும் வயது குறைந்தவர்களுக்கும் ஒன்றை நேராகச் சொல்ல வேண்டும். ஒரு நண்பரோடு போங்கள், 18 வயதுக்குக் குறைவு என்றால் வீட்டில் ஒருவரோடு போங்கள். "பாஸ் இருக்கு, நீ மட்டும் வா" என்று யார் சொன்னாலும், மேடையில் நிற்கிற ஆளே சொன்னாலும், போகாதீர்கள். சந்திப்பு என்றால் ஆட்கள் நடமாடுகிற இடத்தில், வெளிச்சத்தில். ஹொட்டல் அறையும் வான் வண்டியும் சந்திக்கிற இடம் இல்லை. அங்கே குடிக்கத் தருவதில் மூடி திறக்காத போத்தலை மட்டும் வாங்குங்கள்.

முன்னுக்கு நின்றதும் என்ன பேசுவது? "நான் உங்கட பெரிய ரசிகன்" என்பதை அவர்கள் அன்றைக்கே ஐம்பது தடவை கேட்டிருப்பார்கள், நன்றி சொல்வார்கள், பேச்சு முடிந்துவிடும். ஒரு பாட்டில் ஓர் இடத்தைச் சொல்லுங்கள். அந்த இரண்டாவது சரணத்துக்கு முன் டிரம்ஸ் நிற்கிறதே, அது ஏன் என்று கேளுங்கள். வாசிக்கிறவர்களுக்கு வாசிப்பைப் பற்றிப் பேசப் பிடிக்கும். பாடகரைச் சுற்றித்தான் எல்லோரும் நிற்பார்கள், நீங்கள் டிரம்ஸ்காரரிடமும் கீபோர்ட்காரரிடமும் போங்கள். நான் அந்த பேஸ் அண்ணாவிடம் பேசும்போது, இந்த ஊரில் பாட்டு உண்டா என்று அவர் கேட்டார். ஈழத்துப் பொப்பிசை வளர்ந்த காலத்தில் இங்கிருந்து வந்த பரமேஸ், கோணேஸ் சகோதரர்களைப் பற்றிச் சொல்லி, போனில் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தாளம் போட்டுக் கேட்டார், இன்னொரு தடவை போடச் சொன்னார். நம்ம ஊரைப் பற்றி நாலு விஷயம் தெரிந்து வைத்திருங்கள், அதைக் கேட்க அவர்களுக்கும் ஆசை இருக்கிறது.

நிகழ்ச்சி முடிந்த உடனே போய் மொய்க்க வேண்டாம். வேர்த்து, மூச்சு வாங்கி வருவார்கள், இருபது முப்பது நிமிஷம் விடுங்கள். பாடினவர் பேசாமல் இருந்தால் கோபம் என்று நினைக்காதீர்கள், தொண்டையை ஆற விடுகிறார். டிரம்ஸ்காரரின் கையை இறுக்கிக் குலுக்காதீர்கள், தோல் கிழிந்திருக்கும். வீட்டில் சமைத்த சாப்பாடு ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் தெரியாத ஆளின் கையால் சாப்பிட அவர்கள் யோசிப்பார்கள். வெட்டாத செவ்விளநீர் நாலு கொண்டு போங்கள், அவர்கள் கண் முன்னாலேயே வெட்டிக் கொடுக்கலாம், குடிக்காதவரை நான் பார்த்ததில்லை.

படம் எடுக்கிறதென்றால் கமெராவைத் திறந்து நண்பர் கையில் கொடுத்துவிட்டுப் போய் நில்லுங்கள், ஒரு படம், பிளாஷ் இல்லாமல். கையெழுத்துக்கு ஒரே ஒரு பொருள். கறுப்பு ரீசேட்டில் அல்லது சீடி உறையில் என்றால் வெள்ளி நிற மார்க்கர் பேனாவும் கொண்டு போங்கள், துணியை ஒரு அட்டையில் இழுத்துப் பிடித்தால்தான் எழுத்து நிற்கும். காதுக்கு நுரைப்பஞ்சு அடைப்பான் இரண்டு சோடியும் கொண்டு போங்கள். 100 டெசிபல் சத்தத்தில் பதினைந்து நிமிஷத்துக்கு மேல் காது திறந்து நிற்கக்கூடாது என்கிறது அமெரிக்கத் தொழிற்சுகாதார நிறுவனத்தின் அளவு, மேடை ஓரம் அதைவிடக் கூடவே இருக்கும்.

எல்லோரும் போன பிறகு கொஞ்சம் நில்லுங்கள், வயர் சுற்றுகிற ஆட்களுக்குக் கை கொடுங்கள். தரையில் டேப்பால் ஒட்டின பாட்டு வரிசைத் தாள் கிடக்கும், அதை நீங்களாக உரிக்காமல் மேடைப் பொறுப்பாளரிடம் கேளுங்கள், தந்துவிடுவார். வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கே ஒரு படம் எடுத்து வையுங்கள், பிறகு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வெயில் படாத இடத்தில் வையுங்கள். சூடு வைத்து லாமினேட் பண்ணப் போகாதீர்கள், மார்க்கர் மை கரைந்து பரவும். என்னுடைய முதல் தாளில் இப்போது இரண்டு பாட்டின் பெயர் மட்டும்தான் தெரிகிறது.