எடை மட்டும் போதாது: உடலளவுகளைக் கொண்டு ஊட்டநிலையை அறிவது எப்படி

ஒரு வயது நிறைந்த ஆண் குழந்தை. எடை 8 கிலோ. அந்த வயதுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கும் கீழ் எல்லை 7.7 கிலோ. எடை இயந்திரத்தை மட்டும் நம்புபவர் ‘சரியாக இருக்கிறது’ என்று குறித்துவிட்டு அடுத்த குழந்தையை அழைப்பார். அதே குழந்தையைப் பலகையில் கிடத்தி அளந்தால் நீளம் 70 செ.மீ. வருகிறது. நீளத்துக்கான கீழ் எல்லை 71 செ.மீ. இந்த நீளத்துக்கு 8 கிலோ பொருத்தமான எடைதான் என்பதால் குழந்தை மெலிந்து தெரியாது. பார்ப்பவர் கண்ணுக்கு அது வயதில் சற்று இளைய, நல்ல குழந்தை. ஆனால் மாதக்கணக்கில் அதன் வளர்ச்சி பின்தங்கி வந்திருக்கக்கூடும் என்பதை அந்த ஒரு செ.மீ. சொல்லிவிடுகிறது.

அளவெடுப்பவர்களுக்குப் பயிற்சி தருவது என் வேலை. வருகிறவர்கள் முதலில் கேட்பது எல்லை எண்களைத்தான். நான் அவற்றைக் கடைசியில்தான் தருவேன். தவறாக அளந்த எண்ணைச் சரியான அட்டவணையில் வைத்துப் பார்ப்பதால் எந்தப் பயனும் இல்லை. அதனால் இங்கேயும் முதலில் கைவேலை, பிறகு எண்கள்.

வயதிலிருந்து தொடங்குங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ‘ஒன்றரை வயது இருக்கும்’ என்ற பதில் போதாது. பிறந்த தேதி எழுதிய சான்றையோ தடுப்பூசி அட்டையையோ கேட்டுப் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால், எந்தப் பண்டிகைக்கு முன் பிறந்தது, மழைக்காலமா கோடையா, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு மூத்ததா இளையதா என்று கேட்டுக் கேட்டு மாதத்தைப் பிடியுங்கள். பிள்ளை பெற்ற தாய்க்கு இவை மறக்காது. இந்த வயதில் இரண்டு மாதம் தவறினாலே குழந்தை எல்லைக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ விழுந்துவிடும். எவ்வளவு கேட்டும் மாதம் தெளியாவிட்டால், வயதைச் சாராத அளவுகளை, அதாவது உயரத்துக்கேற்ற எடையையும் கைச்சுற்றளவையும், நம்புங்கள்.

எடை எடுப்பது இருப்பதில் எளிது. இயந்திரம் கெட்டியான, சமமான தரையில் இருக்க வேண்டும். பாயின் மேலோ கம்பளத்தின் மேலோ வைக்கக் கூடாது. எடை தெரிந்த ஒரு கல்லையோ படிக்கல்லையோ வைத்துத் தினமும் காலையில் சரிபாருங்கள். கைக்குழந்தையின் உடையையும் ஈர அணையாடையையும் கழற்றிவிடுங்கள். குழந்தை தனியாக நிற்க மறுத்தால், தாயை முதலில் ஏற்றி, இயந்திரத்தைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, பிறகு குழந்தையை அவர் கையில் கொடுங்கள். திரையில் குழந்தையின் எடை மட்டும் தெரியும். அந்த வசதி இல்லாத இயந்திரமானால் இருவரையும் சேர்த்து எடுத்த எடையிலிருந்து தாயின் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள்.

நீளம் அப்படியல்ல. என் அனுபவத்தில் அளவுகள் கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் படுக்கவைத்தும், அதற்கு மேற்பட்ட குழந்தையை நிற்கவைத்தும் அளக்க வேண்டும். படுத்த அளவு நின்ற அளவைவிடச் சராசரியாக 0.7 செ.மீ. கூடுதல். எனவே இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை படுக்க மறுத்து நின்றபடி அளந்தால் 0.7 கூட்டுங்கள், இரண்டு வயதைத் தாண்டிய குழந்தையைப் படுக்கவைத்து அளக்க நேர்ந்தால் 0.7 கழியுங்கள்.

படுக்கவைத்து அளப்பதற்கு இருவர் வேண்டும். ஒருவரே செய்துவிடலாம் என்று நினைக்காதீர்கள்; முடியாது. ஒருவர் தலைப்பக்கம் மண்டியிட்டு, குழந்தையின் காதுகளை மூடாமல் இரு கைகளாலும் தலையைப் பிடித்து, உச்சி பலகையின் நிலையான முனையைத் தொடும்படி வைக்கட்டும். குழந்தையின் பார்வை நேராக மேலே இருக்க வேண்டும். தலையை அண்ணாந்தாலும் மோவாய் மார்பை நோக்கிக் கவிழ்ந்தாலும் அளவு குறையும். மற்றவர் ஒரு கையால் முழங்கால்களை மெல்ல அழுத்தி நீட்டி, மறு கையால் நகரும் பலகையை உள்ளங்கால்களில் பொருத்தட்டும். கால்விரல்கள் மேல்நோக்கி நிற்க, குதிகால்கள் பலகையில் ஒட்டியிருக்க வேண்டும். ஒற்றைக் காலை மட்டும் நீட்டிப் பிடித்து அளப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன். குழந்தை மிகவும் முரண்டு பிடித்தால் தவிர அதைச் செய்யாதீர்கள். தாய் குழந்தையின் முகம் தெரியும் இடத்தில் நின்று பேசிக்கொண்டே இருக்கட்டும். அழுகை பாதியாகக் குறையும், அளவும் நேராக வரும்.

நிற்கவைத்து அளக்கும்போது காலணி, தொப்பி, உச்சிக்கொண்டை எல்லாம் போக வேண்டும். குதிகால், கெண்டைக்கால், இடுப்பின் பின்புறம், தோள்பட்டை, பின்தலை ஆகியவை பலகையைத் தொடுவது வழக்கம். பருத்த உடலினருக்கு எல்லாமே தொடாது. அவரை வலுக்கட்டாயமாக அழுத்தாமல் உடல் நேராக இருப்பதைப் பாருங்கள். கண்ணின் கீழ்விளிம்பும் காதுத்துளையும் ஒரே கிடைமட்டக் கோட்டில் இருக்க வேண்டும். உங்கள் கண்ணும் அளவுகோலின் எண்ணும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். குழந்தை குள்ளமானால் நீங்கள் மண்டியிட வேண்டும்.

எண்ணை 0.1 செ.மீ. வரை படியுங்கள். ஒரு நாள் முழுதும் எடுத்த அளவுகளை வரிசையாகப் பார்க்கும்போது பெரும்பாலானவை .0 அல்லது .5 என்று முடிந்தால், அளந்தவர் படிக்கவில்லை, தோராயமாகச் சொல்லியிருக்கிறார் என்று பொருள். நான் எந்தப் பதிவேட்டைத் திறந்தாலும் முதலில் இதைத்தான் பார்ப்பேன். இன்னொரு சோதனையும் உண்டு: ஒரே குழந்தையை இருவர் தனித்தனியாக, ஒருவர் எண்ணை மற்றவர் பார்க்காமல் அளக்கட்டும். வேறுபாடு 0.7 செ.மீ.க்கு மேல் போனால் இருவருமே மீண்டும் அளக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் சுமார் 8,500 குழந்தைகளை அளந்து, இன்று நாம் பயன்படுத்தும் வளர்ச்சித் தரத்தை 2006-இல் வெளியிட்டது. அந்த ஆய்விலும் நீளத்துக்கு இதே 0.7 செ.மீ. வரம்புதான். அவ்வளவு பெரிய ஆய்வுக்குத் தேவைப்பட்ட ஒழுங்கு நமக்கும் தேவை.

அடுத்தது மேற்கையின் நடுச்சுற்றளவு. ஒரு நாடா போதும். இடக்கையை முழங்கையில் செங்கோணமாக மடக்கி, தோள்நுனி எலும்புக்கும் முழங்கை முனைக்கும் இடையிலான நீளத்தை அளந்து, நடுப்புள்ளியைப் பேனாவால் குறியுங்கள். கண்ணால் மதிப்பிட வேண்டாம். பிறகு கையைத் தொங்கவிடச் சொல்லி அந்தப் புள்ளியில் நாடாவைச் சுற்றுங்கள். தோல் அமுங்கவும் கூடாது, நாடாவுக்கும் தோலுக்கும் இடையே வெளிச்சம் தெரியவும் கூடாது. 6 மாதம் முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைக்கு 11.5 செ.மீ.க்குக் கீழ் என்றால் கடுமையான ஊட்டக்குறைவு; 11.5-இலிருந்து 12.5-க்குள் என்றால் மிதமானது. ஆணா பெண்ணா என்ற வேறுபாடு இதில் இல்லை.

பாதங்களைப் பார்க்காமல் குழந்தையை அனுப்பாதீர்கள். இரு பாதங்களின் மேற்புறத்தையும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்தி எடுங்கள். இரண்டிலும் குழி விழுந்து நின்றால், எடையும் நாடாவும் என்ன சொன்னாலும் அது கடுமையான ஊட்டக்குறைவாகக் கருதி அன்றே மருத்துவரிடம் அனுப்ப வேண்டிய குழந்தை. உடலில் தேங்கிய நீர் எடையைக் கூட்டிக் காட்டி ஏமாற்றும். அளவுகளில் அகப்படாமல் தப்பிவிடும் ஆபத்து இதுதான். எனக்கு இதில் சமரசமே இல்லை.

இனி எண்கள். அட்டவணையில் மூன்று ஒப்பீடுகள் உண்டு. வயதுக்கேற்ற உயரம் குறைந்தால் நெடுநாள் வளர்ச்சித் தடை. உயரத்துக்கேற்ற எடை குறைந்தால் அண்மையில் ஏற்பட்ட மெலிவு. வயதுக்கேற்ற எடை குறைந்தால் இந்த இரண்டில் எது என்று அது மட்டும் சொல்லாது. அதனால்தான் அதைத் தனித்து வைத்து முடிவெடுக்கக் கூடாது. மூன்றுக்குமே நடுமதிப்புக்குக் கீழே இரண்டு திட்டவிலக்கம் (குழந்தைகளின் அளவுகள் நடுமதிப்பிலிருந்து எவ்வளவு விலகிப் பரவியிருக்கின்றன என்பதைக் காட்டும் அலகு) தாண்டினால் குறைவு, மூன்று தாண்டினால் கடுமை. உயரத்துக்கேற்ற எடையில் மேலே இரண்டு தாண்டினால் அதிக எடை, மூன்று தாண்டினால் பருமன். ஐந்து வயதுக்கு மேல் பத்தொன்பது வரை வயதுக்கேற்ற பிஎம்ஐ (எடையை உயரத்தோடு ஒப்பிடும் உடல் நிறைக் குறியெண்) அட்டவணை பயன்படும். அங்கே மேலே ஒரு விலக்கத்திலேயே அதிக எடையாகவும் இரண்டில் பருமனாகவும் கொள்கிறார்கள்.

கைச்சுற்றளவும் உயரத்துக்கேற்ற எடையும் எப்போதும் ஒரே குழந்தைகளைக் காட்டாது. ஒன்றில் தேறிய குழந்தை மற்றதில் தேறாமல் போகலாம். அப்போது எது சரி என்று வாதிட வேண்டாம். ஏதேனும் ஒன்று கடுமை என்று காட்டினாலே சிகிச்சைக்கு அனுப்புங்கள். முதலில் சொன்ன 70 செ.மீ. குழந்தைக்கு வேறு வழி. குறைமாதத்தில் பிறந்ததா, பிறந்தபோதே எடை குறைவா, அடிக்கடி வயிற்றுப்போக்கா, பெற்றோர் உயரம் எவ்வளவு என்று விசாரித்து, குறித்த இடைவெளியில் மீண்டும் அளக்க வேண்டும். வரைபடத்தில் கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது ஒற்றைப் புள்ளியைவிட அதிகம் சொல்லும்.

பெரியவர்களுக்குக் கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் பிஎம்ஐ. 18.5-க்குக் கீழ் மெலிவு, 25-இலிருந்து அதிக எடை, 30-இலிருந்து பருமன். ஆசிய மக்களுக்கு நீரிழிவு, இதய நோய் ஆபத்து குறைந்த எடையிலேயே தொடங்குவதால் 23, 27.5 என்ற புள்ளிகளையும் கவனிக்கும்படி 2004-இல் உலக சுகாதார நிறுவன நிபுணர் குழு சொன்னது. இங்கேயும் உயரத்தில் கவனம் வேண்டும். 48 கிலோ எடையும் 1.62 மீட்டர் உயரமும் உள்ளவருக்குக் குறியெண் 18.3, மெலிவு. உயரத்தை 1.60 என்று தவறாக எழுதினால் 18.75, சாதாரணம் ஆகிவிடுகிறார். வர்க்கம் எடுப்பதால் உயரத்தின் பிழை இரட்டிப்பாகிறது. அவரே சொல்லும் உயரத்தை எழுதிக்கொள்ளாதீர்கள், அளந்து எழுதுங்கள்.

பிஎம்ஐ கொழுப்பு எங்கே சேர்ந்திருக்கிறது என்பதைச் சொல்லாது. அதற்கு இடுப்புச் சுற்றளவு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, இயல்பாக மூச்சை விட்டு முடித்த நேரத்தில் அளக்க வேண்டும். தெற்காசியருக்கு ஆணில் 90, பெண்ணில் 80 செ.மீ. எல்லை. கருவுற்ற பெண்ணுக்குப் பிஎம்ஐ குழப்பும்; மேற்கைச் சுற்றளவு கருக்காலத்தில் அதிகம் மாறாததால் அது உதவும். 23 செ.மீ.க்குக் கீழ் இருந்தால் கூடுதல் கவனம் தேவை என்பது பரவலான நடைமுறை.

முதியவர்களிடம் நேர்முதுகு எதிர்பார்க்க முடியாது. கூன் விழுந்தவரின் உயரத்தைக் கையிலிருந்து கணிக்கலாம். ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டச் சொல்லி, கழுத்தடிக் குழியிலிருந்து நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையிலான அடிப்பகுதி வரை அளந்துகொள்ளுங்கள். பெண்ணுக்கு அதை 1.35-ஆல் பெருக்கி 60.1 கூட்டினால் உயரம் செ.மீ.யில் வரும், ஆணுக்கு 1.40-ஆல் பெருக்கி 57.8 கூட்ட வேண்டும். கை அளவு 70 வந்த மூதாட்டியின் உயரம் 154.6. எழுந்து நிற்கவே முடியாதவருக்குக் கெண்டைக்காலின் பருத்த இடத்தில் நாடாவைச் சுற்றுங்கள், 31 செ.மீ.க்குக் குறைந்தால் தசை கரைகிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

முதியவரிடமும் நோயாளியிடமும் எல்லை எண்ணைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: ஆறு மாதத்துக்கு முன் எடை எவ்வளவு? 1.60 மீட்டர் உயரமுள்ளவர் 60 கிலோவிலிருந்து 54-க்கு இறங்கியிருந்தால் பிஎம்ஐ 21 என்று நிறைவாகத் தெரியும். ஆனால் அவர் உடலில் பத்தில் ஒரு பங்கைத் தானாகவே இழந்திருக்கிறார். முயற்சி இல்லாமல் மூன்று முதல் ஆறு மாதத்தில் 5 விழுக்காடு குறைந்தாலே காரணம் தேட வேண்டும். பழைய எடை நினைவில்லாதவரிடம் இடுப்புக்கச்சை எத்தனை துளை உள்ளே போயிருக்கிறது, மோதிரம் கழன்று விழுகிறதா, பழைய ரவிக்கை தொளதொளவென்று இருக்கிறதா என்று கேளுங்கள். விடையை அளவுகளுக்குப் பக்கத்திலேயே தேதியோடு எழுதுங்கள். எந்த இயந்திரத்தில், என்ன உடையில் எடை எடுத்தீர்கள் என்பதையும் குறியுங்கள். அடுத்த முறை அதே இயந்திரத்தில், அதே வேளையில் அளக்க அது வேண்டியிருக்கும்.